பனையோலையிலிருந்து கண்ணாடித் திரைக்கு

காரியாபட்டிப் பக்கம் கண்மாய்க் கரைகளில் இன்றும் பனை நிற்கிறது. நுங்குக்கும் கருப்பட்டிக்கும் மட்டும்தான் இப்போது அதை நினைக்கிறோம். ஒரு காலத்தில் ஊர்க் கணக்கு, வைத்தியக் குறிப்பு, பாட்டு, ஜாதகம் எல்லாம் பனையோலையில்தான் ஏறின. ஏற்றிய கருவி, கொல்லன் உலையில் பிறந்த இரும்பு எழுத்தாணி. டேப்லெட்டில் எழுதும் ஸ்டைலஸ் அதன் கொள்ளுப்பேரன்தான்.

எழுத்தாணியிலேயே வகை உண்டு. தலை கனத்து உருண்டிருப்பது குண்டெழுத்தாணி. மடக்கி உறையில் வைத்துக்கொள்வது மடக்கெழுத்தாணி. ஓலை நறுக்கும் கத்தியும் அதோடு சேர்ந்திருக்கும். எழுதும் முறை இன்னும் நுட்பமானது. ஓலை இடக்கையில் இருக்கும். இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, அதில் சிறு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதில் நிறுத்துவார்கள். வலக்கை கீறக் கீற ஓலை நகரும். எழுதி முடித்ததும் கரியையும் இலைச்சாற்றையும் தடவித் துடைத்தால் கீறலில் மை தங்கி எழுத்து துலங்கும்.

ஒன்று மட்டும் எழுத்தாணியால் ஆகவில்லை: புள்ளி. அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள், எது மெய், எது உயிர்மெய் என்பதை இடம் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கருவி எழுத்தை எவ்வளவு தூரம் ஆளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அச்சகமும் காகிதமும் பரவியதும் எழுத்தாணி பெட்டிக்குள் போனது. பள்ளியில் சிலேட்டுக் குச்சி வந்தது, பிறகு மைப்பேனா, பால்பாயிண்ட்.

கணினியில் கூர்முனை திரும்ப வந்தது அமெரிக்காவில். 1963இல் ஐவன் சதர்லேண்ட் ஒளிப்பேனாவால் திரையில் படம் வரைந்து காட்டினார். 1983இல் ஜப்பானில் வேக்கம் நிறுவனம் தொடங்கியது. ஓவியர்களின் மேசைக்கு மின்பேனாவைக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 2007இல் ஆப்பிளின் ஐபோனை அறிமுகம் செய்தபோது ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும் என்று கேட்டார் ஸ்டீவ் ஜாப்ஸ். ஆனால் 2011இல் சாம்சங்கின் நோட் கைபேசி பேனாவோடு வந்தது. 2015இல் ஆப்பிளே ‘ஆப்பிள் பென்சில்’ என்று ஒரு பேனாவை விற்றது. விரலால் தள்ளலாம், தட்டலாம். ‘ஞ’வைச் சுழிக்க முனை வேண்டும்.

இனி, வாங்கப்போகிறவர்களுக்கு. ஓலைக்கேற்ற ஆணி என்பதுபோல, திரைக்கேற்ற பேனா. முதலில் உங்கள் டேப்லெட் எந்தப் பேனாவை ஏற்கும் என்று பாருங்கள். பேனாவை வாங்கிவிட்டுப் பிறகு பொருந்துமா என்று தேடாதீர்கள். ரப்பர் முனை, வட்டத் தகடு முனை வைத்த மலிவுப் பேனாக்கள் எந்தத் தொடுதிரையிலும் ஓடும். ஆனால் திரை அவற்றை விரலாகத்தான் எடுத்துக்கொள்ளும். அழுத்தம் தெரியாது, உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். குறிப்பெடுக்க அவை வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. மின்பேனாக்கள் அப்படியல்ல, கை ஊன்றி எழுதலாம். ஆனால் ஒரு கம்பெனிப் பேனா இன்னொன்றின் திரையில் பெரும்பாலும் வேலை செய்யாது. சாம்சங்கின் எஸ் பென்னுக்கு எழுத பேட்டரி தேவையில்லை. திரைக்கடியிலுள்ள தகட்டின் மின்காந்தப் புலத்திலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். படம் வரைபவர்கள் அழுத்த உணர்வு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். 2023இல் வந்த விலை குறைந்த ஆப்பிள் பென்சிலில் அது கிடையாது. அருப்புக்கோட்டைச் சேலைக்கு முந்தி வரைபவருக்கு அது போதாது, பரீட்சைக்குக் குறிப்பெடுக்கும் பிள்ளைக்குப் போதும். கண்ணாடி வழுக்கினால் சொரசொரப்பான திரை ஒட்டி போடலாம்; முனை சீக்கிரம் தேயும் என்பதால், மாற்று முனை கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் 4096 அழுத்த நிலை என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மதுரைக்குப் போய் வாங்குவதென்றால் டேப்லெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். கடையிலேயே, உள்ளங்கையைத் திரையில் ஊன்றி, ‘கண்ணன்’, ‘மஞ்சள்’, ‘பட்டம்’ என்று வேகமாக எழுதிப் பாருங்கள். மெல்லத் தொட்ட புள்ளி ஒவ்வொன்றும் விழுகிறதா, சுழி உடையாமல் வருகிறதா என்று பாருங்கள். புள்ளி விழாத பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், விலை எவ்வளவு குறைவானாலும்.