பழமொழியும் பிரமாணமும்

தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழிக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, நுண்மை, சுருக்கம், ஒளி, மென்மை என்னும் குணங்களைக் கூறிய அளவில் அமையாது, குறித்த பொருளை முடித்தற்கு ஏதுவாக வருதல் வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்திருப்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஏது என்பது தர்க்க நூலார் ஆளும் சொல். ஆகவே முதுமொழி ஒரு வாதத்துக்குக் காரணமாக நிற்கக் கடமைப்பட்டதேயன்றி, பழமை ஒன்றையே பலமாகக் கொண்டு ஆணையிடுவதன்று.

காரணமாக வந்ததைப் பொருந்துமா என வினவும் உரிமையைச் சங்கத் தலைவி ஒருத்தி நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறாள். மாமூலனார் பாடிய அகநானூற்று 101-ஆம் செய்யுளில், தலைவனைப் பிரிந்து வருந்தும் அவள், நன்மை செய்தார்க்கு இம்மையில் தீங்கு நேராதென்னும் பழமொழி இன்று பொய்த்துவிட்டதோ என்று தோழியைக் கேட்கிறாள். 'பழமொழி' என்ற பெயரே அங்கு வழங்குகிறது. அப்பெயரோடு கூடவே அதன் மெய்ம்மையைப் பற்றிய சந்தேகமும் நமக்குக் கிடைப்பது சாமானியமான செய்தியன்று. பின்னர் முன்றுறையரையனார் இயற்றிய பழமொழி நானூற்றிலும், பொருளை முன்னர் விரித்துப் பெரும்பாலும் ஈற்றிலே பழமொழியை அமைக்கும் முறையால், அது எதற்குச் சான்றாக வந்ததென்பது விளங்கிவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழமொழிகள் பெருந்தொகுதிகளாக அச்சேறின. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட தம் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் அடங்கின. 1894-இல் லாசரஸ் பழமொழிகளுக்கென அகராதியே செய்தார். இவர்கள் உழைப்புக்கு நாம் பெரிதும் கடன்பட்டுள்ளோம். எனினும், யார் யாரிடம் எச்சந்தர்ப்பத்தில் சொன்னார் என்னும் செய்தி நீங்கி, வாக்கியம் மட்டும் வரிசையில் நின்றபோது, அது எக்காலத்துக்கும் உரிய தீர்ப்புப்போலத் தோற்றமளிக்கலாயிற்று. 1897-இல் ஜென்சன் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பகுத்தது இக்குறையை ஓரளவே நீக்கிற்று.

இக்காலத்திலோ வேறொரு வழக்கம் பரவியிருக்கிறது. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது சிதைந்த வடிவமென்றும், கழு என்னும் கோரைப்புல்லால் தைத்த பாயில் கற்பூர மணம் தெரியும் என்பதே அதன் ஆதிப்பொருளென்றும் பலர் உற்சாகத்தோடு கூறுகின்றனர். ஆனால் 'கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை' என்றும் அது வழங்குகிறதே! இங்கே கழுதை என்பதைக் 'கழு தைக்க' எனப் பிரிக்கச் சொல்லமைப்பும் இடந்தராது, கற்பூரமும் இல்லை. சந்தனக்கட்டை சுமக்கும் கழுதை பாரத்தை அறியுமேயன்றிச் சந்தனத்தை அறியாதென்ற உவமை சுசுருத சம்ஹிதையிலும் உண்டு. கழுதையும் வாசனையும் சேர்ந்த கருத்து மிகப் பழையது என்பதற்கு அதுவே போதிய சாட்சி.

கழுதையின் விஷயத்தில் இத்திருத்தத்தால் பெருங்கேடில்லை. 'பெண்புத்தி பின்புத்தி' என்பதற்கு, பின்வருவதை முன்னறியும் புத்தி என்று பொருள் கூறிப் பெண்ணை உயர்த்தியதாகக் காட்டுவதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. அச்சொல் எத்தனையோ வீடுகளில் பெண்ணின் அபிப்பிராயத்தை அவள் சொல்லி முடிக்குமுன்னரே தள்ளிவிடுவதற்குப் பிரயோகிக்கப்பட்டது. பிரயோகமே பழமொழியின் பொருளுக்குப் பிரமாணம். புதுப்பொருளால் அதனைத் தூய்மை செய்வோர், பழியைச் சுமந்த அப்பெண்களின் சாட்சியத்தையும் உடன் அழித்துவிடுகின்றனர்.