பம்பு ஓரிடம், பள்ளம் வேறிடம்

இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில், வீவர் ஆற்றங்கரையில் இருக்கிறது நார்த்விச். 1899-இல் அங்கே கட்டிய டவுன் பிரிட்ஜ், கப்பல் வரும்போது திரும்பி வழிவிடும் பாலம். அதன் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது ஆற்றுக்குள் அமிழ்ந்து மிதக்கும் ஒரு மிதவை. கரையில் எவ்வளவு உறுதியான அடித்தளம் போட்டாலும் அது இறங்கிவிடும் என்று பொறியாளர் சானருக்குத் தெரிந்திருந்தது. அப்போது அந்த ஊர் பல ஆண்டுகளாகப் புதைந்துகொண்டிருந்தது.

1670-இல் ஊருக்கு அருகே மார்பரியில் நிலக்கரி தேடித் தோண்டியவர்கள் பாறை உப்பைக் கண்டார்கள். அதற்கும் கீழே இன்னொரு படுகை இருப்பது 1781-இல் தெரியவந்தது. மேல் படுகையின் தலைமேல் நிலத்தடி நீர் தேங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு தானே உப்புநீராக நின்றது. குழாயை இறக்கி அதை உறிஞ்சி, இரும்புத் தட்டங்களில் காய்ச்சினால் உப்பு. சுரங்கத்துக்குள் ஆள் இறங்க வேண்டியதில்லை. இதைவிட மலிவான வழி அன்று இல்லை.

ஆனால் ஒரு டன் உப்பு மேலே வந்தால் கீழே ஏறத்தாழ அரை கன மீட்டர் பாறை காணாமல் போகிறது. உறிஞ்சிய நீரின் இடத்துக்கு வரும் நல்ல தண்ணீர், உப்புப் பாறையின் மேல்மட்டத்தை அரித்துக்கொண்டே பம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டம் வெகுதூரத்திலிருந்தும் வரலாம். அதனால் ஒருவர் பம்பு ஓட, வேறெங்கோ இன்னொருவர் வீடு இறங்கியது. எந்தப் பம்பு எந்த வீட்டைச் சாய்த்தது என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. நார்த்விச்சின் துயரமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

கைவிட்ட சுரங்கங்களில் நிரம்பிய நீரையும் விட்டுவைக்கவில்லை. அதையும் இறைத்தார்கள், கூரையைத் தாங்கிய உப்புத் தூண்கள் கரைந்து மெலிந்தன. 1880 டிசம்பர் 6 அன்று ஊருக்கு வெளியே நிலம் பிளந்து, விஞ்சம் ஓடையின் நீர் சுரங்கங்களுக்குள் பாய்ந்தது. உள்ளே அடைபட்ட காற்று சேற்றோடு பீறிட்டது. வீவர் ஆற்றின் நீரே பின்னோக்கி இழுபட்டது. அதற்கு ஏழாண்டு முன்பே, 1873-இல், சுரங்க ஆய்வாளர் ஜோசப் டிக்கின்சன் இந்த நிலச்சரிவுகளைப் பற்றி அரசுக்கு அறிக்கை தந்திருந்தார். பம்புகள் நிற்கவில்லை.

ஊர் மக்கள் வாழ வழி கண்டார்கள். மரச்சட்டங்களால் கட்டடம் எழுப்பி, தரை இறங்கியதும் ஜாக்கி வைத்து மொத்த வீட்டையும் தூக்கினார்கள். தொழிலதிபர் ஜான் பிரன்னர் 1885-இல் கொடுத்த நூலகமும் தப்பவில்லை. 1909-இல் அதை மரச்சட்டக் கட்டடமாக மறுபடி எழுப்பினார்கள்.

சட்டம் தயங்கித் தயங்கித்தான் வந்தது. உப்புநீர் இறைப்பவர்கள் எல்லோரிடமும் வரி பிரித்து, வீடு இழந்தவர்களுக்கு இழப்பீடு தர 1891-இல் நாடாளுமன்றம் வழி செய்தது. யார் குற்றவாளி என்று கேட்காமல் தொழில் முழுவதையும் பொறுப்பாக்கிய விதத்தில் அது துணிச்சலான சட்டம். ஆனால் அது பம்பைத் தொடவில்லை. 1906-இல் சால்ட் யூனியன், பிரன்னர் மாண்ட் என்ற இரு நிறுவனங்கள் மோதிய வழக்கில், தன் நிலத்தில் உப்புநீர் இறைப்பவர் பக்கத்து நிலத்து உப்பு கரைந்து வருவதற்குப் பொறுப்பாளி அல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்டாஃபர்ட் நகரில் லோட்டஸ் காலணித் தொழிற்சாலை சாய்ந்த வழக்கில் இறைத்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்ற தீர்ப்பு வர எழுபதுகளின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உண்மையான மாற்றம் வந்தது துளையிடும் முறையில். 1920-களில் நார்த்விச்சுக்கு அருகே ஹோல்ஃபோர்டு உப்புநீர் வயலில், நிலத்தடி நீர் தொடாத ஆழத்தில், உப்புப் படுகையின் உடலுக்குள்ளேயே கிணறு இறக்கத் தொடங்கினார்கள். இம்முறையில் கேசிங் பைப்பைச் சுற்றிச் சிமென்ட் அடைத்து மேல்நீரைத் தடுப்பார்கள். ஒரு குழாய் வழியே தண்ணீர் இறங்கும்; மற்றொரு வழியே உப்புநீர் ஏறும். உப்பு கரைந்து உண்டாகும் குடைவு மேல்நோக்கிக் கரையாமலிருக்க, அதன் கூரைக்கடியில் காற்றையோ எண்ணெயையோ போர்வையாக நிறுத்துவார்கள். ஒரு குடைவுக்கும் அடுத்ததற்கும் இடையில் எவ்வளவு உப்பைத் தூணாக விடுவது என்பதை முதல் கிணற்றுக்கு முன்பே வரைபடத்தில் குறித்தாக வேண்டும். குடைவின் வடிவத்தை இன்று ஒலி அலையால் அளக்கிறார்கள். வேலை முடிந்ததும் செறிந்த உப்புநீரை உள்ளேயே நிறுத்தினால் சுவர் மேலும் கரையாது. அந்த நீரின் அழுத்தமும் சுவரைத் தாங்கும். வயலை எப்படி மூடுவது என்ற கேள்விக்குப் பதில் இப்படி முதல் நாள் திட்டத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பள்ளம் விழுந்தால் எந்தக் கிணற்றைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடுகிறது.

இருந்தும் பழைய முறை செஷயரில் முற்றாக ஒழிய இந்த நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

பழைய கணக்கைத் தீர்க்க வந்த செலவு பெரிது. ஊர் நடுவில் நீர் நிறைந்து கிடந்த நான்கு சுரங்கங்களை 2004 முதல் 2007 வரை நிரப்பினார்கள். அனல் மின்நிலையச் சாம்பல், சிமென்ட், உப்பு ஆகியவற்றின் கலவை உள்ளே போனது. உப்பு சேர்க்காமல் ஊற்றினால் மிஞ்சிய தூண்களையும் அது கரைத்துவிடும். சில கோடி பவுண்டு பிடித்த இந்த வேலைக்குப் பணம் தந்தது அரசு. உப்பால் கொழித்த முதலாளிகள் போய்ப் பல தலைமுறை ஆகியிருந்தது. அப்படி உறுதியான நிலத்தில் பேரன்ஸ் கீ என்ற கடைத்தொகுதி 2016-இல் திறக்கப்பட்டது.

ஊருக்கு வெளியே நிலம் இறங்கிய இடங்கள் ஏரிகளாயின. நியூமன்ஸ் பிளாஷ் போன்றவற்றில் சோடா ஆலைகள் சுண்ணாம்புக் கழிவைக் கொட்டின. அந்த வெளுத்த மண்ணில் இப்போது ஆர்க்கிட் பூக்கிறது. பறவை பார்ப்பவர்கள் வருகிறார்கள். இதைத் திட்டமிட்ட சீரமைப்பு என்று முழுமையாகச் சொல்ல முடியாது. பாதியை இயற்கையே செய்தது. ஹோல்ஃபோர்டை ஒட்டிய ஸ்டப்லாக்கிலோ கரைத்தெடுத்த குடைவுகளில் இயற்கை எரிவாயுவைச் சேமிக்கிறார்கள். அங்கே இருபது குடைவுகள், உப்பு வெளியேறும்போதே அடுத்த பயனுக்காக அளந்து வெட்டப்பட்டவை.



1952-இல் இன்னொரு சட்டம் அமைத்த செஷயர் இழப்பீட்டு வாரியம் இன்றும் இயங்குகிறது. அந்தப் பகுதியில் வீடு வாங்குபவரின் வழக்கறிஞர், நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பதுபோல, அந்த மனை உப்புநீர்ப் பகுதியில் வருகிறதா, முன்பு இழப்பீடு கேட்கப்பட்டதா என்று விசாரித்த பிறகே பத்திரத்தை முடிக்கிறார்.