படுக்கைநிலை மூச்சுத்திணறல்

மல்லாந்து படுத்த சில நிமிடங்களில் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்ததும் தணியும் அறிகுறி படுக்கைநிலை மூச்சுத்திணறல் எனப்படும். இது தனி நோயன்று. பெரும்பாலும் இடப்பக்க இதயச் செயலிழப்பின் அடையாளம். சிலருக்கு நெஞ்சுவலியும் உடன் வரும்.

ஏற்படும் விதம்

நிற்கும்போது கால்களிலும் வயிற்றிலும் தங்கும் இரத்தத்தில் ஏறத்தாழ 250 முதல் 500 மில்லிலிட்டர், படுத்ததும் மார்புக்குத் திரும்புகிறது. நலமான இதயம் இதை எளிதில் சமாளிக்கும். இடது கீழறை வலுவிழந்திருந்தால் இரத்தம் பின்தேங்கி, நுரையீரல் நாளங்களில் அழுத்தம் உயர்ந்து, நீர் கசிகிறது. ருமாட்டிக் காய்ச்சலால் ஈரிதழ் வால்வு சுருங்கியவர்களுக்கும் இவ்வாறே நேரும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், உதரவிதானத் தளர்ச்சி, உடற்பருமன், வயிற்றில் நீர் கோத்தல் ஆகியவை பிற காரணங்கள்.

உறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் திணறி விழித்து, உட்கார்ந்தபின்னும் தணியப் பல நிமிடங்கள் ஆவது இரவுநேரத் திடீர் மூச்சுத்திணறல். இருமலும் இழுப்பும் சேர்வதால் இதை ஆஸ்துமா என்று பிழையாக எண்ணுவதுண்டு.

நெஞ்சுவலியின் வகைகள்

இதய உறை அழற்சியில் வலி கூர்மையாக இருக்கும். படுத்தால் கூடும், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும். இரைப்பை அமிலம் மேலேறினால் எரிச்சலும் புளித்த ஏப்பமும் தோன்றும். இதயத் தமனி அடைப்பில் நெஞ்சு இறுகி, வலி இடது தோளுக்கோ தாடைக்கோ பரவலாம். வெறும் வாயுத்தொல்லை என்று கைவைத்தியத்தோடு நிறுத்திக்கொள்வது ஆபத்தானது. ஈசிஜி எடுக்காமல் இவற்றை உறுதியாக வேறுபடுத்த இயலாது.

கண்டறிதலும் சிகிச்சையும்

எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்பார். ஒன்று மூன்றானால் நோய் முற்றுவதாகக் கொள்ளலாம். கால் வீக்கம், சில நாட்களில் கூடிய உடல் எடை ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். மார்பு எக்ஸ்ரே, எக்கோ, பிஎன்பி இரத்தப் பரிசோதனை ஆகியவை காரணத்தைக் காட்டும். ஃபியூரோசமைடு போன்ற நீர்பெருக்கி மருந்துகள் திணறலைத் தணிக்கும். அடிப்படை நோய்க்கான மருந்துகளைத் தொடர்வதும், உப்பு, ஊறுகாய், கருவாடு, அப்பளத்தைக் குறைப்பதும் அவசியம்.

அவசரநிலை

ஓய்விலும் தணியாத நெஞ்சுவலி, வியர்வை, உதடு நீலம்பாரித்தல், இளஞ்சிவப்பு நுரைச்சளி ஆகியவை உயிராபத்தின் அறிகுறிகள். திணறுபவரைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிடச் செய்து, தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.