எபிஸ்கோப்பல் சேகரத்தில் வெஸ்ட்ரியும் தன்னார்வக் குழுக்களும்

அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபை ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்தது. 'எபிஸ்கோப்பல்' என்ற சொல்லுக்கே 'பேராயர் ஆளுகைக்கு உட்பட்டது' என்றுதான் பொருள். ஆனால் அதன் ஒரு சேகரத்துக்குள் போய்ப் பார்த்தால், வரவுசெலவு எழுதுவது, ஒழுகும் கூரையைச் சரிசெய்வது, புதிய குருவைத் தேடுவது, பீடத்துணியைத் துவைத்துத் தேய்ப்பது என எல்லா வேலையிலும் சம்பளம் வாங்காத சபையாரின் கை இருக்கும். அவர்களுள் தேர்தலில் வந்து சேகரத்தின் பொருளையும் சொத்தையும் ஆளும் குழுவுக்கு 'வெஸ்ட்ரி' என்று பெயர். அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பணிக்குழுக்கள் இயங்கும். தென்னிந்தியத் திருச்சபையின் சேகரக் கமிட்டியை அறிந்தவர்களுக்கு இது பழகிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆயினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. இங்கே குருவானவரைப் பேராயர் மாற்றி அனுப்புகிறார். அங்கே வெஸ்ட்ரிதான் தன் குருவைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதே இந்தக் குழுக்களின் வரலாறு.

பெயரும் பிறப்பும்

வெஸ்ட்ரி என்பது முதலில் ஓர் அறையின் பெயர். ஆராதனைக்கு முன் குரு அங்கி அணியும் அறை அது. இங்கிலாந்தின் ஊர்க் கோயில்களில் சபையார் கணக்குப் பார்க்க அந்த அறையில் கூடினார்கள். நாளடைவில் கூட்டத்துக்கும் அதுவே பெயராயிற்று. கோயில் உடைமைகளுக்குப் பொறுப்பான சர்ச் வார்டன்கள் இடைக்காலம் முதலே இருந்தனர். 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் அவர்கள் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றியது: ஊரில் வரி தண்டி ஏழைகளையும் அநாதைகளையும் காப்பது. இதனால் வெஸ்ட்ரி கோயில் குழுவாகவும் ஊராட்சியாகவும் ஒருங்கே செயல்பட்டது. வரி கட்டுவோர் எல்லாரும் வந்து பேசும் திறந்த வெஸ்ட்ரிகளும், சில குடும்பங்கள் மட்டும் அமர்ந்து தங்களுக்குள்ளேயே ஆள் நிரப்பிக்கொண்ட மூடிய வெஸ்ட்ரிகளும் இருந்தன.

ஆங்கிலேயர் போன இடமெல்லாம் இந்த ஏற்பாடும் போயிற்று. 1680-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சென்னைக் கோட்டை புனித மரியாள் ஆலயத்தில் வெஸ்ட்ரி இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியை அது பேணியது. 1763-இல் மிஷனரி சுவார்ட்ஸ் தொடங்கிய பள்ளியைத் திருச்சி மக்கள் இன்றும் 'வெஸ்ட்ரி ஸ்கூல்' என்றே அழைக்கிறார்கள்.

பேராயர் இல்லாத குடியேற்றங்கள்

1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர் தங்கள் திருச்சபையையும் உடன் கொண்டுவந்தார்கள். பேராயர் மட்டும் வரவில்லை. 1784 வரை, அதாவது 177 ஆண்டுகள், அமெரிக்க மண்ணில் ஓர் ஆங்கிலிக்கன் பேராயர்கூட இல்லை. குருப்பட்டம் பெற விரும்பியவர் அட்லாண்டிக் கடலைக் கடந்து லண்டன் போய்வர வேண்டியிருந்தது. குருமார் எண்ணிக்கை எப்போதும் குறைவு. சேகரங்களோ பரப்பில் பெரியவை. இந்த வெற்றிடத்தைச் சபையார் நிரப்பினார்கள்.

1643-இல் வர்ஜீனியச் சட்டமன்றம் ஒவ்வொரு சேகரத்திலும் வெஸ்ட்ரி அமைக்கச் சொல்லி, குருவைத் தெரிவு செய்வதிலும் அதற்குப் பங்கு கொடுத்தது. 1662-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர் எண்ணிக்கையைப் பன்னிரண்டு என வரையறுத்தது. ஓரிடம் காலியானால் எஞ்சியவர்களே ஆளை நியமிக்கலாம் என்றது. சபையார் ஓட்டுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. பெருந்தோட்ட முதலாளிகளின் கையில் வெஸ்ட்ரி சிக்கியது இப்படித்தான்.

அந்தப் பன்னிருவர் பார்த்த வேலை கோயிலோடு நிற்கவில்லை. ஆண்டுதோறும் சேகர வரி விதித்தார்கள். அது புகையிலையாக வசூலானது. ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதிலிருந்து செலவிட்டார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நில எல்லைகளை நடந்து பார்த்துக் குறியிடும் பணியை மேற்பார்த்தார்கள். குருவின் சம்பளமும் புகையிலைதான். 1696 முதல் ஆண்டுக்கு 16,000 பவுண்டு. பல வெஸ்ட்ரிகள் குருவை நிரந்தரமாக அமர்த்தாமல் ஆண்டு ஒப்பந்தத்திலேயே வைத்திருந்தன. நிரந்தரமாக அமர்த்திவிட்டால் நீக்க முடியாது என்பதே காரணம். ஆண்டுதோறும் வேலை போகுமோ என்று அஞ்சி வாழ்ந்த குரு, தோட்ட முதலாளிகள் முன் எவ்வளவு துணிந்து பிரசங்கித்திருக்க முடியும் என்பது எண்ணிப் பார்க்க வேண்டியது. 1758-இல் புகையிலை விலை ஏறியபோது, பவுண்டுக்கு இரண்டு பென்ஸ் கணக்கில் பணமாகக் கொடுத்தால் போதும் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. அதை எதிர்த்து ஜேம்ஸ் மோரி என்ற குரு தொடுத்த வழக்கில் 1763-இல் எதிர்த்தரப்புக்கு வாதாடியவர் பேட்ரிக் ஹென்றி என்ற வழக்கறிஞர். ஜூரிகள் குருவுக்கு வழங்கிய இழப்பீடு ஒரு பென்னி.

ஆனாலும் வெஸ்ட்ரிகளை ஆதிக்கக் கூட்டமாக மட்டும் பார்ப்பது பிழை. ஜார்ஜ் வாஷிங்டன் 1762-இல் ட்ரூரோ சேகர வெஸ்ட்ரியில் சேர்ந்தார். வர்ஜீனிய அரசியல் தலைவர் ஜார்ஜ் மேசன் அதற்கு முன்பே அதில் இருந்தார். 1769-இல் தொடங்கிய போஹிக் ஆலயக் கட்டுமானத்தை மேற்பார்க்க வெஸ்ட்ரி நியமித்த குழுவில் இருவரும் இடம்பெற்றார்கள். வெஸ்ட்ரி முடிவெடுப்பது, நான்கைந்து பேரை நியமித்து வேலையை அவர்களிடம் ஒப்படைப்பது, அவர்கள் திரும்பி வந்து கணக்குக் காட்டுவது என்ற இந்த முறைதான் இன்றைய பணிக்குழுவின் மூல வடிவம்.

விடுதலைக்குப் பின்

அமெரிக்கப் புரட்சி இந்த ஏற்பாட்டின் அடித்தளத்தையே பெயர்த்தது. வர்ஜீனியாவில் 1776-இல் குருமார் சம்பளத்துக்கான வரி நிறுத்தப்பட்டது. 1786-இல் சமய சுதந்திரச் சட்டம் வந்தது. ஏழையர் காப்பு வேலை மாவட்ட அதிகாரிகளுக்குப் போயிற்று. 1802-இல் சேகரங்களின் மானிய நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டது. வரி போட்டு வாழ்ந்த வெஸ்ட்ரி, இனிமேல் மனமுவந்து கொடுப்பவர்களை நம்பி வாழ வேண்டியதாயிற்று. நியூயார்க்கின் டிரினிட்டி ஆலயம் இதற்கு விதிவிலக்கு. 1697-இல் அரச சாசனமும் 1705-இல் ஆன் அரசியிடமிருந்து மன்ஹாட்டனில் நிலமும் பெற்ற அந்தச் சேகரத்தின் வெஸ்ட்ரி இன்றும் பெரும் சொத்தை நிர்வகிக்கிறது.

சிதறிக் கிடந்த சேகரங்களைத் தேசிய அமைப்பாக இணைக்க வழி சொன்னவர் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ஒயிட். பேராயர் கிடைக்கும்வரை காத்திராமல், குருமாரும் சபையாரும் சேர்ந்து கூடித் திருச்சபையை ஒழுங்குபடுத்தலாம் என்று 1782-இல் அவர் எழுதினார். 1784-இல் சாமுவேல் சீபரி ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1789-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய பொது மாமன்றம் அமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பேராயர் அவை ஒன்று, குருமாரும் சபையாரும் அமரும் பிரதிநிதிகள் அவை ஒன்று என்ற ஈரவை முறை அப்போது நிலைபெற்றது. பேராயர்கள் வந்து சேர்ந்தபோது வெஸ்ட்ரிகள் ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கத்தோடு உட்கார்ந்திருந்தன. குருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவற்றின் கையிலிருந்து யாரும் பறிக்க முயலவில்லை.

சபையார் என்ற சொல்லுக்குள் எல்லாரும் அடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1794-இல் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பின மக்கள் அப்சலோம் ஜோன்ஸ் தலைமையில் புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் ஆலயத்தை எழுப்பினார்கள். தங்கள் சேகரத்தைத் தாங்களே ஆளும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. மறைமாவட்ட மாமன்றத்தில் அமரும் உரிமை பல பத்தாண்டுகள் மறுக்கப்பட்டது.

பெண்கள் கட்டிய குழுக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரத்தின் முக்கிய வருமானம் இருக்கை வாடகை. குடும்பங்கள் பணம் கட்டி ஆலயத்தில் தங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டன; ஏழைகள் பின்னால் நின்றார்கள். 1846-இல் வில்லியம் அகஸ்டஸ் முலன்பர்க் நியூயார்க்கில் திறந்த ஆலயத்தில் எல்லா இருக்கையும் இலவசம். இந்த வழக்கம் பரவியதும், கொடையாகவும் வாக்குறுதியாகவும் பணம் திரட்டும் அமைப்பு தேவைப்பட்டது.

தேவை அதோடு முடியவில்லை. ஞாயிறு பள்ளி, தையல் வகுப்பு, நோயாளி சந்திப்பு, மிஷன் உதவி என வேலை பெருகியது. அவற்றுக்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெஸ்ட்ரியில் அமர அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே அவர்கள் தங்களுக்கெனச் சங்கங்களை அமைத்தார்கள், சொந்தமாகப் பணம் சேர்த்தார்கள், சொந்தமாகக் கணக்கு வைத்தார்கள். 1871-இல் மிஷன் வாரியத்துக்கான பெண்கள் துணைச் சங்கம் பிறந்தது. ஜூலியா செஸ்டர் எமெரி 1876 முதல் 1916 வரை நாற்பது ஆண்டுகள் அதன் செயலராக இருந்து, சேகரம் சேகரமாக அதன் கிளைகளை வளர்த்தார். 1889-இல் பெண்கள் முதன்முதலாகத் திரட்டிய ஒன்றிணைந்த நன்றிக்காணிக்கை 2,188 டாலருக்குச் சற்று மேல். அதில் ஒரு பாதி அலாஸ்காவின் ஆன்விக்கில் ஆலயம் கட்டவும் மறு பாதி ஜப்பானுக்கு ஒரு பெண் மிஷனரியை அனுப்பவும் போயிற்று. வீட்டில் வைத்திருக்கும் சிறு நீலப் பெட்டியில் நாணயம் போட்டுவைக்கும் அந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பீடப் பணிக்குழு இந்த மரபின் நெஞ்சம் எனலாம். ஆராதனைக்கு முந்தின நாள், பெரும்பாலும் சனிக்கிழமை காலையில், இரண்டு மூன்று பேர் ஆலயத்தின் பக்க அறையில் கூடுவார்கள். பீடத்தின் மேல் விரிக்கும் சதுரத் துணியை நீளவாக்கில் மூன்றும் குறுக்கே மூன்றுமாக மடித்தால் ஒன்பது கட்டங்கள் விழும். அப்பத்தின் துணுக்கு ஏதும் சிந்தினால் துணிக்குள்ளேயே தங்கட்டும் என்பதற்காக அப்படி மடிக்கிறார்கள். கிண்ணத்தின் விளிம்பைத் துடைக்கும் சிறு துணிகளில் திராட்சரசக் கறை ஏறியிருக்கும். அவற்றை முதலில் அலசிய நீரைச் சாக்கடையில் விடுவதில்லை. அதற்கென ஒரு தொட்டி உண்டு. அதன் குழாய் நேராக மண்ணுக்குள் இறங்கும். தொட்டி இல்லாத ஆலயங்களில் செடியடியில் ஊற்றுகிறார்கள். திருவிருந்தைப் பற்றி அந்தச் சபை என்ன நம்புகிறதோ அதை இந்த ஒரு செய்கை முழுமையாகச் சொல்லிவிடுகிறது. இதைச் செய்த கைகளுக்கு வெஸ்ட்ரியில் ஓட்டு இல்லாதிருந்தது நீண்டகால அநீதி.

மாற்றம் மெல்ல வந்தது. பெண்களை வெஸ்ட்ரியில் சேர்ப்பதை மறைமாவட்டங்கள் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில் ஏற்றன. 1946-இல் மிசூரியின் எலிசபெத் டயர் பொது மாமன்றத்தில் பிரதிநிதியாக அமர்ந்தார். அடுத்த 1949 மாமன்றம் நான்கு பெண் பிரதிநிதிகளைத் திருப்பி அனுப்பியது. 1970-இல்தான் கதவு முழுமையாகத் திறந்தது. 1976-இல் பெண்கள் குருத்துவமும் ஏற்கப்பட்டது.

இன்றைய நடைமுறை

திருச்சபைச் சட்டப்படி, சேகரத்தின் சொத்து தொடர்பான எல்லாவற்றிலும், சேகரத்துக்கும் குருவுக்குமான உறவிலும் வெஸ்ட்ரியே சட்டப் பிரதிநிதி. ஆராதனை, இசை, ஆன்மிகப் பராமரிப்பு ஆகியவை 'ரெக்டர்' எனப்படும் சேகர குருவின் பொறுப்பு. கட்டடங்களை எதற்குப் பயன்படுத்துவது என்பதும் அவர் கையில். வெஸ்ட்ரிக் கூட்டத்துக்கு வழக்கமாக அவரே தலைமை தாங்குவார். எல்லைக்கோடு இதனால் மெலிந்தே இருக்கிறது. ஆர்கன் கருவியைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்குவது வெஸ்ட்ரி. அதில் என்ன பாட்டு வாசிப்பது என்பது குரு. சேகரங்களில் எழும் பிணக்குகளில் பல இந்தக் கோட்டின் இருபுறமும் நடப்பவை.

உறுப்பினர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். மூன்றாண்டுப் பதவிக்காலத்தில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலகுவது பரவலான வழக்கம். மூத்த வார்டன் குருவுக்கு நெருங்கிய ஆலோசகர். இளைய வார்டன் பெரும்பாலும் கட்டடப் பொறுப்பாளர்; கொதிகலன் பழுதானால் நள்ளிரவில் தொலைபேசி அவருக்குத்தான் வரும். பொருளாளரின் கணக்கு ஆண்டுதோறும் தணிக்கைக்குப் போக வேண்டும் என்பது சட்டம். நிதிக்குழு, சொத்துக்குழு, கிறிஸ்தவக் கல்விக்குழு, வரவேற்புக்குழு, ஆராதனைக்குப் பின் காப்பி பரிமாறும் குழு ஆகியவை அநேகமாக எல்லாச் சேகரத்திலும் உண்டு. 1919-இல் திருச்சபை நடத்திய நாடளாவிய இயக்கத்துக்குப் பின், வீடுதோறும் சென்று ஆண்டுக் காணிக்கைக்கு வாக்குறுதி வாங்கும் முறை வேரூன்றியது. இன்று அதைக் காணிக்கைக்குழு நடத்துகிறது. வாக்குறுதிச் சீட்டுகள் வந்த பிறகே வெஸ்ட்ரி வரவுசெலவுத் திட்டத்தை இறுதி செய்யும்.

சமூகப் பணிக்குழுக்கள் சில, தாங்கள் பிறந்த சேகரத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டன. நியூயார்க்கின் செல்சி பகுதியில் உள்ள பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம் 1982-இல் பசித்தோருக்கு இலவச மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1990-இல் தீ விபத்தில் ஆலயக் கூரை அழிந்தது. உணவு வழங்குவது நிற்கவில்லை. ஆலயத்தைப் புதுப்பித்தபோது நிலையான நீள் இருக்கைகளைத் திரும்பப் பொருத்தவில்லை. வார நாட்களில் ஆராதனைக் கூடமே உணவுக்கூடமாயிற்று.

எல்லாக் குழுக்களிலும் கனமான பொறுப்பு குருவைத் தேடும் குழுவுக்கு உரியது. சேகர குரு விலகினால் வார்டன்கள் பேராயருக்குத் தெரிவிக்கிறார்கள்; இடைக்காலக் குரு ஒருவர் வருகிறார். வெஸ்ட்ரி நியமிக்கும் தேடல் குழு சபையாரின் கருத்தைக் கேட்டு, சேகரத்தின் நிலையை மறைக்காமல் எழுதி, விண்ணப்பித்தவர்களைச் சந்திக்கிறது. ஒரு சேகரம் தன்னைப் பற்றித் தானே உண்மை பேச வேண்டிய அரிய சமயம் அது. பெயர்கள் பேராயரின் பார்வைக்குப் போன பின் வெஸ்ட்ரி தேர்ந்தெடுக்கிறது. வேலை முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

வெஸ்ட்ரியின் அதிகாரத்துக்கு மேல்வரம்பும் உண்டு. 1979-இல் பொது மாமன்றம் இயற்றிய விதி ஒன்று, சேகரச் சொத்து மறைமாவட்டத்துக்காகவும் முழுத் திருச்சபைக்காகவும் அறக்கட்டளையாக வைக்கப்பட்டது என்கிறது. கொள்கை வேறுபாட்டால் பிரிந்து போன சபைகள் ஆலயத்தையும் கொண்டுபோக முயன்றபோது இந்த விதி நீதிமன்றங்களில் பலமுறை வாதிக்கப்பட்டது. சொந்தக் காலில் நிற்க வருமானமில்லாத சபைகளுக்கு வெஸ்ட்ரியே கிடையாது. அவை மிஷன் சபைகளாகப் பேராயரின் நேரடிப் பொறுப்பில், பேராயர் கமிட்டியோடு இயங்குகின்றன.

முழுநேரக் குருவுக்குச் சம்பளம் தர இயலாத சிறு சேகரங்களில் குழுக்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடுகின்றன. பொருளாளரே பாடகர் குழுவில் பாடுகிறார். காப்பி வைப்பவரே ஞாயிறு பள்ளியும் நடத்துகிறார். குரு வராத ஞாயிறுகளில் உரிமம் பெற்ற சபையார் ஒருவர் காலை ஜெபத்தை நடத்துவார். திருவிருந்து இல்லாத அந்த நாளுக்கும் பீடப் பணிக்குழு முந்தின நாளே வந்து, காலத்துக்கேற்ற நிறத்துணியைப் பீடத்தில் இட்டு, மெழுகுவர்த்தியின் திரியைக் கத்தரித்துவைத்துவிட்டுப் போகிறது.