இளவரசனும் அவன் நிழலும்

1985 அக்டோபர். நியூயார்க் மாநிலத்தில், ரீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனத்தின் வாகன நிறுத்தத்தில் வெள்ளை உடை போட்ட ஒரு பையன் ஓடினான், தாண்டிக் குதித்தான், சுவர் விளிம்பைப் பற்றித் தொங்கி மேலே ஏறினான். அவன் பெயர் டேவிட் மெக்னர். வீடியோ கேமராவோடு எதிரே நின்றவர் அண்ணன் ஜோர்டான் மெக்னர். அப்போது அவருக்கு வயது 21. தம்பியின் அந்த ஓட்டம்தான் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ என்ற கணினி விளையாட்டாக வளர்ந்தது.

பேக்-மேன் விளையாட்டின் நாயகனுக்கு உடலே கிடையாது, வாய் மட்டும்தான். அதே 1985-இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் வந்த மரியோவுக்கு உடல் உண்டு, ஆனால் எடை இல்லை. அந்தரத்தில் பறக்கும்போதே திசையை மாற்றிக்கொள்வான். மெக்னர் தேடியது வேறு. விழுந்தால் வலிக்கக்கூடிய ஒரு மனிதனைத் திரையில் ஓடவிட வேண்டும் என்று விரும்பினார்.

யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே ‘கராத்தேகா’ என்ற விளையாட்டை அவர் தனியாக உருவாக்கியிருந்தார். 1984-இல் பிராடர்பண்ட் நிறுவனம் அதை வெளியிட்டது, நன்றாகவும் விற்றது. கராத்தே ஆசிரியரைப் படம் பிடித்து, அந்த அசைவுகளைக் கோடு கோடாக வரைந்து கணினிக்குள் ஏற்றியிருந்தார். இது மேக்ஸ் ஃபிளீஷர் 1917-இல் காப்புரிமை பெற்ற பழைய கார்ட்டூன் உத்தி, பெயர் ரோட்டோஸ்கோப்பிங். இம்முறை அதையே இன்னும் நுணுக்கமாகச் செய்ய நினைத்தார்.

நுணுக்கம் என்றால் சாதாரண நுணுக்கம் இல்லை. தம்பியைப் பிடித்த வீடியோவைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, திரையைப் புகைப்படம் எடுத்தார். பிலிமைக் கழுவிப் பிரதி போட்டு, உருவத்தின் வெளிக்கோட்டைக் கறுப்புப் பேனாவாலும் வெள்ளைத் திரவத்தாலும் திருத்தி, நகல் எடுத்து, பிறகுதான் ஆப்பிள் 2 கணினிக்குள் கொண்டுபோனார். இன்று கைப்பேசி சில நொடிகளில் முடித்துவிடும் வேலைக்கு அன்று வாரக்கணக்கில் ஆனது.

பலன் திரையில் தெரிந்தது. இளவரசன் ஓடத் தொடங்கினால் சட்டென்று நிற்க மாட்டான், இரண்டடி சறுக்கித்தான் நிற்பான். தாண்டும்போது கணக்குத் தப்பினால் விரல் நுனியில் விளிம்பைப் பற்றித் தொங்குவான். இரண்டு தளம் கீழே விழுந்தால் அடிபடும், மூன்று தளம் என்றால் உயிர் போகும். விசையை அழுத்திய அடுத்த கணமே சொன்னபடி கேட்கும் பொம்மை அல்ல அவன். அதனால்தான் ஆடுகிறவர்கள் அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். தரையிலிருந்து முள் எழும் இடத்தில் ஷிஃப்ட் விசையை அழுத்தி, மெல்ல மெல்ல அடி வைத்துப் போன நினைவு பலருக்கும் இருக்கும். விளையாட்டுகளில் அழகான காட்சிகள் எத்தனையோ வந்து மறைந்துவிட்டன. பாத்திரத்தின் மேல் இத்தனை கரிசனம் வரவழைத்தவை மிகக் குறைவு.

ஆனால் மெக்னர் முதலில் நினைத்த விளையாட்டில் சண்டையே கிடையாது. ஓட்டமும் பொறிகளும் மட்டும்தான். எடுபட இது போதாது, எதிரி வேண்டும், சண்டை வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் அவருடைய தோழி டோமி பியர்ஸ். மெக்னர் மறுத்ததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல, இடமின்மை. அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 128 கிலோபைட். தம்பியின் அசைவுகளே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருந்தன. இன்னொரு மனிதனை எங்கே வைப்பது?

அந்த நெருக்கடிதான் விளையாட்டைக் காவியமாக்கியது என்பேன். இளவரசனின் படங்களையே மறுபடி பயன்படுத்தலாமே என்ற யோசனை எழுந்தது. ஒவ்வொரு படத்தையும் ஒரே ஒரு பிட் நகர்த்தி அதன் மேலேயே ஒரு தருக்கக் கணக்குப் போட்டார் மெக்னர். உடல் மறைந்து, மினுமினுக்கும் ஓர் ஆவியுரு திரையில் நின்றது. கூடுதலாக ஒரு படம்கூட வரையாமல் எதிரி கிடைத்துவிட்டான்.

அவனைக் கதைக்குள் கொண்டுவந்த விதம்தான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. நான்காம் லெவலில் வழியை மறித்து ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய்வதைத் தவிர வேறு வழியில்லை. பாய்ந்ததும் இளவரசனின் உயிர் ஒரே புள்ளியாகச் சுருங்கிவிடும், மறுபக்கத்தில் அவன் நிழல் இறங்கி ஓடும். ஐந்தாம் லெவலில் நமக்கு வேண்டிய மருந்தை நிழல் முந்திக் குடித்துவிடும். ஆறாம் லெவலில் கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் தள்ளும். பன்னிரண்டாம் லெவலில் வாளோடு எதிரே வந்து நிற்கும். நாம் நிழலை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். இளவரசன் வாளை உறையில் போட்டுவிட்டு நிழலை நோக்கி நடக்க வேண்டும். இருவரும் ஒன்றாவார்கள். அதன்பின் வெற்றிடத்தில் காலடி வைக்க வைக்கப் பாதை தோன்றும். இத்தனையும் ஒரு சொல் வசனம் இல்லாமல், விளையாட்டின் விதிகளாலேயே சொல்லப்பட்ட கதை.

பிற்பாடு நினைவகத்தில் இடம் தேடிப் பிடித்துக் காவலர்களும் வந்தார்கள். வாள்வீச்சுக்கு மாதிரி 1938-இல் வந்த ‘ராபின் ஹூட்’ படம். எரால் ஃபிளினும் பாசில் ராத்போனும் பக்கவாட்டில் தெரியும்படி மோதும் சுமார் ஆறு விநாடிகள் மெக்னருக்குப் போதுமாக இருந்தன. இசை அமைத்தவர் அவருடைய தந்தை பிரான்சிஸ் மெக்னர், உளவியல் அறிஞர். ஆக இது முக்கால்வாசி ஒரு குடும்பத்தின் படைப்பு.

1989 அக்டோபரில் விளையாட்டு வெளிவந்தபோது ஆப்பிள் 2-இன் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. அமெரிக்காவில் விற்பனை மந்தம். 1990-இல் டாஸ் பதிப்பு வந்தது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வரவேற்பு கிடைத்த பிறகே சொந்த ஊரில் மதிப்பு உயர்ந்தது.

நம் ஊருக்கு இளவரசன் வந்தது பெரும்பாலும் ஃப்ளாப்பி வழியாகத்தான். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர்களிடம் என்ன விளையாடினீர்கள் என்று கேட்டால் ‘டேவ்’ என்பார்கள், அடுத்து ‘பிரின்ஸ்’ என்பார்கள். டாஸ் பதிப்பில் முதல் லெவல் முடிந்ததும் எழுத்துப் பொறித்த குப்பிகள் வரும். கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தைப் பார்த்து, சரியான எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் மேலே போகலாம். பிரதி எடுத்து வந்த ஃப்ளாப்பிக்குக் கையேடு ஏது? இன்னொன்றும் வாய்வழியாகவே பரவியது: கறுப்புத் திரையில் ‘பிரின்ஸ்’ என்று அடித்து, இடம் விட்டு ‘மெகாஹிட்’ என்று அடித்தால் லெவல்களைத் தாண்டிப் போகலாம். விளையாட்டின் கதைப்படி ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியை மீட்டாக வேண்டுமே!

விளையாட்டின் மூல நிரல் தொலைந்துவிட்டதாகவே மெக்னர் பல காலம் நினைத்திருந்தார். 2012-இல் தந்தை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்தனுப்பிய பெட்டியில் அந்த ஃப்ளாப்பிகள் இருந்தன. காந்தத் தகடு அத்தனை ஆண்டுகள் தாங்கியிருக்குமா என்ற அச்சம் இருந்தது. பழைய கணினிகளை அறிந்த டோனி டயஸும் ஆவணக் காப்பாளர் ஜேசன் ஸ்காட்டும் ஏப்ரலில் அவற்றைப் படித்து மீட்டார்கள். நிரலை மெக்னர் கிட்ஹப்பில் பொதுவில் வைத்துவிட்டார். அந்த ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்பையும் நூலாக்கியிருக்கிறார். நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் வீட்டில் இருந்தால் இரண்டையும் காட்டுங்கள். 128 கிலோபைட்டில் ஒரு மனிதனை எப்படி உயிரோடு ஓடவிட்டார்கள் என்பதை அவர்களே வரி வரியாகப் படித்துப் பார்க்கட்டும்.