சட்டக எஸ்யூவியும் கிராஸ்ஓவரும்

எஸ்யூவி என்பது உயர்ந்த தரை இடைவெளியும் உயரமான இருக்கைகளும் கொண்ட பயணிகள் தானுந்து வகையாகும். கட்டமைப்பின்படி இது இரு பிரிவுகளாகக் கொள்ளப்படுகிறது. சுமையுந்தை (லாரி) ஒத்த தனி அடிச்சட்டத்தின் மீது உடற்கூடு பொருத்தப்பட்டவை சட்டக எஸ்யூவிகள் ஆகும். மகிழுந்தை (கார்) ஒத்து, சட்டமும் உடற்கூடும் ஒன்றாகவே அமைந்தவை கிராஸ்ஓவர்கள் எனப்படுகின்றன. இவை தோற்றத்தில் ஒத்திருப்பினும் சுமை தாங்கும் திறன், ஓட்டம், பழுதுபார்ப்பு ஆகியவற்றில் வேறுபடுகின்றன.

கட்டமைப்பு

சட்டக எஸ்யூவியில் இரண்டு நீண்ட எஃகுத் தண்டவாளங்கள் குறுக்குச் சட்டங்களால் ஏணி போல இணைக்கப்பட்டிருக்கும். உந்துப்பொறி, அச்சுகள் ஆகியவை இவ்வேணியில் பொருத்தப்படும். உடற்கூடு இரப்பர்த் தாங்கிகளின் மேல் திருகாணிகளால் பிணைக்கப்படும். சென்னை எண்ணூரில் உள்ள அசோக் லேலண்ட் நிறுவனத்தின் சுமையுந்துகளுக்கும் இதுவே அடிப்படை. இந்நிறுவனம் 1948 இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, ஆஸ்டின் மகிழுந்துகளைப் பொருத்தி விற்றது. 1955 இல் இப்போதைய பெயரைப் பெற்றது.

கிராஸ்ஓவரில் தனிச் சட்டகம் இல்லை. அழுத்தி வடிக்கப்பட்ட எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாகின்றன. அக்கூடே முழுச் சுமையையும் தாங்குகிறது. 1994 இல் வெளிவந்த டொயோட்டா ராவ்4 இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று.

சென்னையில் உற்பத்தி

இரு வகைகளும் சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளில் உருவாக்கப்பட்டுள்ளன. சட்டக வகையில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 2002 இல் மிட்சுபிஷி பஜேரோவைத் திருவள்ளூர் ஆலையிலிருந்தும், ஃபோர்டு நிறுவனம் 2003 இல் எண்டெவரை மறைமலைநகரிலிருந்தும் அறிமுகப்படுத்தின. கிராஸ்ஓவர் வகையில் ஒரகடத்தின் ரெனோ டஸ்டர் (2012), மறைமலைநகரின் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் (2013), இருங்காட்டுக்கோட்டையின் ஹுண்டாய் கிரெட்டா (2015) ஆகியவை வெளிவந்தன. இவ்வட்டாரத் தானுந்துகள் சென்னைத் துறைமுகம் வழியாகவும், 2001 இல் தொடங்கப்பட்ட எண்ணூர் காமராசர் துறைமுகம் வழியாகவும் ஏற்றுமதியாகின்றன. இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 இல் அறிவித்தது.

ஒப்பீடு

ஒரே ஆலையில் உருவான எண்டெவரும் எக்கோஸ்போர்ட்டும் இவ்வேறுபாட்டிற்குத் தக்க எடுத்துக்காட்டுகள். 2016 இல் இந்தியாவில் வெளிவந்த எண்டெவர், ரேஞ்சர் என்னும் பிக்கப் சுமையுந்தைத் தழுவியது. நீளம் ஏறத்தாழ 4.9 மீட்டர், எடை 2 டன்னுக்கு மேல். எக்கோஸ்போர்ட் ஃபியஸ்டா மகிழுந்தின் அடித்தளத்தைக் கொண்டது. நீளம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை ஏறத்தாழ 1.25 டன்.

- சுமையும் கரடுமுரடான வழியும்: இழுவண்டி இழுத்தல், மேடுபள்ளங்களில் முறுக்கு விசையைத் தாங்குதல் ஆகியவற்றில் சட்டக வகை சிறந்தது. இதன் நான்கு சக்கர இயக்க வடிவங்களில் பெரும்பாலும் தாழ்வேகப் பற்சக்கரமும் இருக்கும்.
- சாலை ஓட்டம்: கிராஸ்ஓவரின் எடை குறைவு, ஆதலால் எரிபொருள் குறைவாகச் செலவாகும். வளைவுகளில் சாய்வும், பள்ளங்களில் குலுக்கலும் பொதுவாகக் குறைவு.
- பாதுகாப்பு: எடையும் உயரமும் மட்டுமே பாதுகாப்பைத் தருவதில்லை. குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில், காற்றுப்பைகள் இல்லாத மகிந்திரா ஸ்கார்ப்பியோ 2016 இல் சுழிய விண்மீன் பெற்றது. புதிய சட்டகத்துடன் வந்த ஸ்கார்ப்பியோ-என் 2022 இல் ஐந்து விண்மீன்கள் பெற்றது. இரண்டுமே சட்டக வகையைச் சேர்ந்தவை.

பெயரும் வகையும்

பெயரைக் கொண்டு வகையை அறிய இயலாது. 1998 இல் வெளிவந்த டாட்டா சஃபாரி சட்டக வகையாகும்; அதே பெயரில் 2021 இல் வந்தது ஒற்றைக் கூட்டமைப்பும் முன்சக்கர இயக்கமும் கொண்டது. எனவே அடிச்சட்டம், இயக்கப்படும் சக்கரங்கள் ஆகிய விவரங்களை விவரக்குறிப்பில் தனித்தனியே பார்த்தல் வேண்டும்.

வடசென்னையில் கருத்தில் கொள்ள வேண்டியவை

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் கொள்கலன் சுமையுந்துப் போக்குவரத்து, வெள்ளம், கடற்காற்று ஆகிய மூன்றும் தெரிவைப் பாதிக்கின்றன.

இராயபுரத்தின் குறுகிய தெருக்களில் நீளம் குறைந்த வண்டியைத் திருப்புவதும் நிறுத்துவதும் எளிது. கொள்கலன் சுமையுந்துகள் செல்லும் சாலைகளில் உயரமான இருக்கை பயன் தரும்; அது இரு வகைகளிலும் உண்டு.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்கள் நீர்கடக்கும் ஆழத்தின் முதன்மையை உணர்த்தின. எண்டெவருக்கு இது 800 மி.மீ என்றும், எக்கோஸ்போர்ட்டிற்கு 550 மி.மீ என்றும் ஃபோர்டு குறிப்பிட்டது. இவ்வளவு காற்று உறிஞ்சும் குழாயின் உயரத்தையே பெரிதும் சார்ந்தது. தரை இடைவெளி மட்டும் இதனை முடிவு செய்வதில்லை. நீர் புகுந்து உந்துப்பொறி பழுதடைவதைப் பொதுவான காப்பீடு பெரும்பாலும் ஈடுசெய்யாது; அதற்குத் தனி இணைப்புக் காப்பு தேவைப்படும்.

உப்புக் காற்றால் இரு வகைகளும் துருப்பிடிக்கும். ஏணிச் சட்டத்தின் உள்ளறைகளில் உப்பும் சேறும் தங்கும். கிராஸ்ஓவரில் கதவடிப் பகுதியும் தளத்தகடும் அரிக்கப்பட்டால், சுமை தாங்கும் கூடே வலுவிழக்கும். பழைய வண்டி வாங்குவோர் அதனைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைச் சோதித்தல் நன்று.

வரி

சரக்கு மற்றும் சேவை வரி வண்டியின் கட்டமைப்பைச் சார்ந்தது அன்று. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்திற்கு மிகாமல், பெட்ரோலில் 1200 கன செ.மீ அல்லது டீசலில் 1500 கன செ.மீ பொறியளவிற்கு மிகாதவற்றுக்கு 18 விழுக்காடும், இவ்வெல்லையைக் கடந்தவற்றுக்கு 40 விழுக்காடும் விதிக்கப்படுகின்றன. மின்தானுந்துகளுக்கு வரி 5 விழுக்காடு. சட்டக வகையைச் சேர்ந்த மகிந்திரா பொலேரோ 18 விழுக்காட்டுப் பிரிவிலும், கிராஸ்ஓவரான கிரெட்டா 40 விழுக்காட்டுப் பிரிவிலும் அடங்குகின்றன.