தரங்கம்பாடி ஆலயமும் சுண்ணாம்புக் காரையும்

எங்க பக்கம் வர்ற சென்னை நண்பர்கள் தரங்கம்பாடின்னா டேனிஷ் கோட்டையைப் பார்த்துட்டு, கடலோரமா நாலு படம் எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. கோட்டைக்குப் போற வழியிலேயே இருக்கிற புதிய எருசலேம் ஆலயத்துல ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கன்னு நான் சொல்வேன்.

1620-ல தஞ்சை ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரங்க இங்க வியாபாரத்துக்கு வந்தாங்க. தங்களுக்குன்னு 1701-ல சீயோன் ஆலயத்தைக் கட்டிக்கிட்டாங்க. 1706 ஜூலையில வந்து இறங்கின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குக்கு அது போதல. ஊர் ஜனங்ககிட்ட அவங்க பாஷையில பேசணுமே! திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோட உட்கார்ந்து, மணல்ல விரலால எழுதித் தமிழ் படிச்சார்னு சொல்வாங்க. அதிகாரிகளோட முட்டிக்கிட்டு நாலு மாசம் அந்தக் கோட்டையிலேயே சிறையும் இருந்தார். பிறகு புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு 1715-ல முடிச்சார்.

சபை வளர்ந்ததும் 1717-ல இந்த ஆலயத்துக்கு அடிக்கல் போட்டு, 1718 அக்டோபர்ல திறந்தாங்க. சிலுவை வடிவக் கட்டடம். முகப்புல டென்மார்க் ராஜா நாலாம் பிரெடரிக்கோட முத்திரை இன்னும் இருக்கு. திறந்து நாலு மாசம் கழிச்சு, 36 வயசுல சீகன்பால்கு இறந்துட்டார். ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் பண்ணியிருக்காங்க. 1733-ல ஆரோன்ங்கிற தமிழர் இதே ஊர்ல போதகரா பட்டம் பெற்றார்.

1845-ல டென்மார்க்காரங்க ஊரையே இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போனாங்க. கடல் மட்டும் போகல. பக்கத்துல இருக்கிற மாசிலாமணிநாதர் கோயிலோட முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுது. 2004 சுனாமியில இந்த ஆலயமும் அடி வாங்கி, அப்புறம் புதுப்பிச்சாங்க.

புதுப்பிக்கிறதுன்னா சிமெண்ட் மூட்டையை இறக்கிடுறதுதான் இப்போ வழக்கம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயில் அடிச்சா வெளிய விடும். மேல சிமெண்ட் பூசிட்டா ஈரம் உள்ளேயே நிக்கும். வடிகால் இல்லாத வயல்ல பயிர் அழுகுற கதைதான். கடலோரத்துல உப்பும் சேர்ந்துக்கும். உப்பு உள்ளேயே பூத்து, செங்கல் மாவா உதிரும். பூச்சு பார்க்க நல்லாத்தான் இருக்கும், சுவர் செத்துக்கிட்டு இருக்கும்.

சுண்ணாம்புக் காரைக்குப் பொறுமை வேணும். நீத்த சுண்ணாம்போட மணல் சேர்த்து அரைச்சு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியை விட்டு, பதம் பார்த்துப் பூசணும். பூசினதும் அவசரமா காயவிடாம ஈரம் காட்டிக்கிட்டே இருக்கணும். தரங்கம்பாடியில பழைய வீடுகள் சிலதை இந்த முறையிலதான் எழுப்பியிருக்காங்க. ஆனா இந்தப் பதம் தெரிஞ்ச கொத்தனார்கள் எங்க பக்கத்துலயே குறைஞ்சுட்டாங்க. வேலை கிடைக்கலன்னா அவங்க பிள்ளைங்க எதுக்குக் கத்துக்கணும்?

உங்க பூர்வீக வீட்டுச் சுவர் உதிருதுன்னு ஊர்லேர்ந்து போன் வந்தா, சிமெண்டுக்குப் பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு காரைக் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்க. சுவரும் பிழைக்கும், அவருக்கும் நாலு நாள் கூலி கிடைக்கும்.